காற்று வீசும் நாளில் நெருப்பு

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசுவது நம் ஊரில் நெடுநாளைய வழக்கம். அன்னூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்று நமது ஊர். சென்ற கோடையில் ஒரு நாள், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருந்த நம் ஜமாஅத்துப் பிள்ளை ஒருவர் அந்தத் திண்ணையில் ஒரு செய்தி சொன்னார். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. வெயில் நாற்பது பாகைக்கு மேல் ஏறி, பாலைவனப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசப் போகும் நாட்களை முன்கூட்டியே கணித்து, 'முழு நெருப்புத் தடை நாள்' என்று அரசாங்கம் அறிவித்து விடுமாம். அன்றைக்குத் திறந்த வெளியில் விறகோ கரியோ கொண்டு யாரும் தீ மூட்டக் கூடாது. சொந்தத் தோட்டத்திலும் கூடாது. மீறினால் அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு.

"நம்ம காட்டுல நாம சருகைக் கொளுத்துனா எவன் என்ன கேக்கறது?" என்று பெரியவர் ஒருவர் சிரித்தார். (காடு என்றால் கொங்கு நாட்டில் வானம் பார்த்த விவசாய பூமி என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.) சிரிப்பு அடங்கிய பின் நம் இமாம் ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார்: "அத்தா, இது நம்ம கிதாபிலேயே இருக்குங்களே!"

இருக்கத்தான் செய்கிறது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற ஹிதாயாவில், குத்தகை பற்றிய பாடத்தின் இறுதியில் அந்த மஸ்அலா வருகிறது. ஒருவன் தன் கையிலுள்ள நிலத்தில் அறுவடைக்குப் பின் நின்ற தாளைக் கொளுத்துகிறான். தீ பரவி அடுத்தவன் நிலத்தில் இருந்ததை எரித்து விடுகிறது. நஷ்ட ஈடு உண்டா? இல்லை என்பது பொதுவான தீர்ப்பு. அவன் வரம்பு மீறவில்லை. தன் எல்லைக்குள் தான் செய்யத்தக்கதைச் செய்தான். ஆனால் உலமாக்கள் அதோடு நிற்கவில்லை. இந்தத் தீர்ப்பு காற்று அடங்கியிருந்த நேரத்துக்குத்தான் என்று சிலர் வரையறுத்தார்கள். காற்று சுழன்று வீசும்போது மூட்டினானானால் அவனே பொறுப்பாளி. ஏனென்றால் இந்த நெருப்பு தன் வரப்புக்குள் தங்காது என்பது மூட்டுகிறவனுக்கே தெரியும்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஃபர்கானா நாட்டு இமாம் மர்கீனானீ எழுதி வைத்ததும் இன்றைய ஆஸ்திரேலியாவின் தடை நாளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டு திண்ணையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "சுப்ஹானல்லாஹ்" என்றார்கள். நாமும் சொன்னோம். ஆனால் ஹஜ்ரத் கடைசியாகச் சொன்ன ஒரு விஷயம் நம்மை வீடு வரையில் துரத்தி வந்தது. காற்றில்லாத நாளில் நெருப்பு மூட்டியவனுக்குக் குற்றமில்லை என்பதை விளக்க, அந்தக் கிதாபு காட்டும் உவமை தன் வீட்டுக்குள் கிணறு தோண்டியவன்! அக்காலத்தில் தன் இடத்தில் கிணறு தோண்டுவதைவிட யாருக்கும் கெடுதலற்ற காரியம் வேறொன்றும் மனிதருக்குத் தோன்றவில்லை போலும். நமக்கோ கிணறு என்ற சொல் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் அந்த நாட்டு நெருப்பைப் பற்றிச் சிறிது. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் வெயில் 46.4 பாகை. அன்று விக்டோரியா மாநிலத்தில் பரவிய காட்டுத் தீயில் 173 உயிர்கள் போயின. அவற்றுள் 119 உயிர்களைக் கொண்டுபோன நெருப்பு, காற்றில் அறுந்த ஒரு மின்கம்பியிலிருந்து பிறந்தது. அடுத்தது 2019. அந்நாட்டில் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதைப் போல் வெயிலும் வறட்சியும் ஒருங்கே உச்சத்தில் நின்ற ஆண்டு வேறில்லை. அதன் முடிவிலும் 2020-இன் தொடக்கத்திலுமாகப் பற்றிய தீயில் 33 பேர் இறந்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்த ஜனவரியில் அடிலெய்டு நகரத்து முஸ்லிம்கள் பூங்காவில் கூடி மழைக்காகத் தொழுதார்கள். கிறிஸ்தவர்களும் உடன் வந்து நின்றார்கள்.

இடி மின்னலால் தானே பற்றிக்கொள்ளும் காட்டுத் தீயும் அங்கே நிறைய உண்டு. நம் மலைகளில் அப்படியல்ல. பெரும்பாலும் மனிதன் கைதான். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 23 பேரின் உயிரைக் குடித்த தீயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரலில் நம் கோவைக்கு மேற்கே ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பற்றிய தீயை அணைக்க, மலம்புழா அணையிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டு வந்து கொட்ட வேண்டியதாயிற்று. காய்ந்த புல்லும், அணையாத ஒரு பீடித் துண்டும், மலைக்காற்றும் சேர்ந்தால் அதற்கு மேல் வேறொன்றும் வேண்டியதில்லை.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மூன்றும் எப்படி ஒரே வரிசையில் வந்தன என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. வறட்சிக் காலத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. தண்ணீர் போனால் புல் காய்கிறது. புல் காய்ந்தால் நெருப்பு வருகிறது. மூன்றும் ஒரே சங்கிலி. ஆனால் நாம் நெருப்பை மட்டுமே பயந்து பார்க்கிறோம். அதற்குப் புகை உண்டு, வெளிச்சம் உண்டு. தண்ணீர் போவதற்கு அடையாளம் ஏதுமில்லை.

இனி நம் கதை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி அன்னூர் வட்டாரம். ஆறு என்று சொல்லிக்கொள்ள நிரந்தரமாக ஓடுவது ஒன்றுமில்லை. நம் பாட்டனார் காலத்தில் பாறையை உடைத்து அகலக் கிணறு வெட்டி, இரண்டு எருதுகள் கட்டிக் கவலை இறைத்தார்கள். கவலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எருதுகள் களைத்தால் இறைப்பு நின்று விடும். கிணற்றுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது. மோட்டாருக்குக் களைப்பில்லை. மின்கட்டணத்துக்காக இந்தக் கொங்கு விவசாயிகள் 1970-இல் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அதை யாரும் இரந்து பெறவில்லை. இரத்தம் சிந்திப் பெற்றார்கள். ஆகவே அதைக் குறை சொல்லுகிறவர்கள் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். ஆனால் இறைப்புக்கு நிறுத்தம் இல்லாமல் போனதும் உண்மை. அகலக் கிணறு வற்றியதும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி.

2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்து பெய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த மாசி மாதம் நம் பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் இல்லை. ரமழானும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒளுவுக்குத் தண்ணீரில்லாமல் பள்ளி எப்படி நடக்கும்? ஜமாஅத்துக் கூட்டத்தில் ஆழ்குழாய்க் கிணறு போடுவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்களில் நாமும் ஒருவர்; வசூலுக்கும் நாம்தான் போனோம். தொள்ளாயிரம் அடியில் தண்ணீர் பீறிட்டது. ரிக் வண்டிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினோம். ஷுக்ரானா தொழுதோம்.

பள்ளிக்கு மேற்கே அடுத்த தோட்டம் ஒரு கவுண்டருடையது. அவருடைய கிணறு எண்பதடி. அதுவரை ஒரு மணி நேர இறைப்புக்காவது ஊறிக்கொண்டிருந்தது. நாம் போட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் அது நின்று போயிற்று. நம் மண்ணின் அமைப்பு அப்படி. இங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது. கேசிங் பைப்பை மேல்மண் முடியும் வரையில்தான் இறக்குகிறோம். அதற்குக் கீழே, நூறடியில் இருக்கும் வெடிப்பில் ஊறுகிற தண்ணீர், நாம் துளைத்த துளை வழியாகத் தொள்ளாயிரம் அடிக்கு இறங்கி விடுகிறது. ஒன்று நேராக நம் மோட்டாருக்கு வருகிறது. அல்லது ஒருவருக்கும் உதவாமல் கீழே போகிறது.

கவுண்டர் வந்து சண்டை போடவில்லை. அந்தப் பங்குனியில் கறவை மாடுகள் நான்கையும் விற்றார். வாங்க வந்தவன் ஓட்டிக்கொண்டு போனதை நாம் ஒளுச் செய்த இடத்திலிருந்தே பார்த்தோம்.

இதில் நாம் செய்த குற்றம் என்ன? நாட்டுச் சட்டத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி நிலத்துக்காரன் தன் நிலத்தின் அடியில் உள்ள தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003-இல் இயற்றிய சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டது. நம் ஃபிக்ஹைக் கேட்டால் அங்கேயும் ஏறக்குறைய அதே பதில்தான். தோண்டிய கிணற்றுக்கு 'ஹரீம்' என்று சுற்றிலும் ஒரு காப்பு எல்லை உண்டு. கால்நடைக்குக் கையால் இறைக்கும் கிணற்றுக்கு நாற்பது முழம். ஒட்டகம் பூட்டி இறைக்கும் கிணற்றுக்கு அறுபது முழம் என்று இமாம்கள் சிலர் சொன்னார்கள். அதற்குள் வேறொருவன் தோண்ட வந்தால் தடுக்கலாம். அதற்கு வெளியே தோண்டி, முதல் கிணற்றுத் தண்ணீர் போய்விட்டால் அவன் மீது ஒன்றுமில்லை. நம் ஆழ்குழாய்க்கும் கவுண்டர் கிணற்றுக்கும் இடையே நூற்றிருபது முழம் இருக்கும். ஆக, சட்டத்திலும் தப்பினோம், மஸ்அலாவிலும் தப்பினோம்.

ஏழெட்டு ஆண்டுகள் அந்த நிம்மதியில்தான் இருந்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. திண்ணையில் ஹஜ்ரத் சொன்ன காற்று மஸ்அலாதான் அதைக் கெடுத்தது.

ஹரீமுக்கு நாற்பது முழம், அறுபது முழம் என்று சொன்ன பெரியோர்கள் கையாலும் ஒட்டகத்தாலும் இறைத்த காலத்தவர்கள். ஒரு கிணறு இன்னொரு கிணற்றை எவ்வளவு தூரத்தில் தொடும் என்பதை அவர்கள் தங்கள் கயிற்றின் நீளத்தால் அளந்தார்கள். தொள்ளாயிரம் அடியை அளக்க அவர்களிடம் கயிறு இல்லை. ஆனால் நெருப்பு விஷயத்தில் அவர்கள் முழக்கணக்குச் சொல்லவில்லை. மூட்டுகிறவனின் அறிவைக் கேட்டார்கள். இது உன் வரப்புக்குள் தங்காது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் எல்லைக் கல்லைக் காட்டித் தப்ப முடியாது. இதைக் கிணற்றுக்கு வைத்துப் பார்த்தால் 2017 மாசி மாதம் நமக்குக் காற்று அடங்கிய நாளா, வீசிய நாளா? சுற்றுவட்டாரத்தில் கிணறு கிணறாக வற்றிக்கொண்டு வந்ததை நாம் பார்த்தோம். ஒரு போர் போட்டால் பக்கத்துக் கிணறு போகும் என்பது அன்னூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நமக்குத் தெரிந்திருந்தது. போகாமலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டோம்.

நாம் முஃப்தி அல்ல; ஃபத்வா கொடுக்கவும் வரவில்லை. நெருப்பின் மஸ்அலாவைத் தண்ணீருக்குக் கொண்டுவருவது சரியான கியாஸ்தானா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். நஷ்ட ஈடு கட்டாயமா என்பது வேறு. மறுமையில் கேள்வி உண்டா என்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் நாம் கேட்கிறோம்.

திண்ணையில் இதை எடுத்துச் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று: "நாம போடாட்டி இன்னொருத்தன் போட்டிருப்பான்." இது வலுவான பேச்சு. வறட்சியில் போர் போடாத விவசாயி தன் பிள்ளைகளின் சோற்றை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தவனாகிறான்; அவனும் கடன்பட்டு, இவனும் கடன்பட்டு, தண்ணீர் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகிறது. தனி மனிதன் தக்வாவால் மட்டும் இதை நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். உலகத்திலேயே நிலத்தடி நீரை மிக அதிகமாக இறைக்கும் நாடு நம்முடையது. உலகம் எடுப்பதில் ஏறக்குறைய கால் பங்கு. அது ஒரு ஊர் ஜமாஅத்தின் கையில் இல்லை. ஆனால் காற்று வீசும் நாளில் ஊரே தீ மூட்டுகிறது என்பதால் நம் தீக்குச்சிக்குக் கணக்கில்லை என்றாகுமா? மேலும் நாம் விவசாயியும் அல்ல, பள்ளிவாசல். நம் தேவை பயிருக்கல்ல, ஒளுவுக்கு.

அந்த ஒளுவைப் பற்றி வெட்கத்தோடு எழுதுகிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. முத்து என்பது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நம் பள்ளியின் குழாயடியில் ஒரு நாள் வாளி வைத்துப் பார்த்தோம். ஒருவருக்கு ஆறு லிட்டருக்குக் குறையவில்லை. மிஸ்வாக் செய்கிற நேரமெல்லாம் குழாய் திறந்தபடியே இருக்கிறது. ஒரு லிட்டர் சுன்னத்து. மீதி ஐந்து லிட்டர் கவுண்டர் கிணற்றிலிருந்து வந்தது.

இரண்டாவது மறுப்பு: "வறட்சி அல்லாஹ்வின் சோதனை, நாம் என்ன செய்ய முடியும்? துஆச் செய்வோம்." சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் சோதனை என்பது நமக்கு வைத்த பரீட்சை. அதில் நாம் எழுதிய விடை என்ன? மழை பொய்த்தால் ஊரில் யார் யார் பாவம் செய்கிறார்கள் என்று குத்பாவில் பட்டியல் போடுவது நம்மிடையே சுலபமாகிவிட்டது. ஜகாத்தைத் தடுத்த சமுதாயத்துக்கு வானமும் தடுக்கப்படும், கால்நடைகள் இல்லாவிட்டால் அவர்களுக்கு மழையே இராது என்ற கருத்துள்ள ஹதீஸை இப்னு மாஜாவில் பார்க்கிறோம். அப்படியானால் நமக்கு இறங்குகிற மழை கவுண்டரின் மாடுகளுக்காக இறங்கியதாகவும் இருக்கலாம். அவற்றைத்தான் அவர் விற்க நேர்ந்தது.

2017-இல் நாம் இஸ்திஸ்கா மழைத் தொழுகையும் தொழுதோம். அதற்கு முன் மூன்று ஜும்ஆ விவாதத்திலேயே போயிற்று: இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் இஸ்திஸ்கா என்பது துஆவும் இஸ்திக்ஃபாரும்தான், ஜமாஅத்துத் தொழுகை சுன்னத்து அல்ல, இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களிடம் இரண்டு ரக்அத்து உண்டு, எதைச் செய்வது? போர்வையைப் புரட்டிப் போடுவதா, வேண்டாமா? இத்தனையும் பேசினோம். திறந்த வெளிக்குப் புறப்படும் முன் தவ்பாச் செய்யவும், ஸதகா கொடுக்கவும், அநியாயமாக எடுத்தவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று அதே பாடத்தில் கிதாபுகள் சொல்லுகின்றனவே, அதை ஒருவரும் பேசவில்லை. அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டியதில் குறை வைத்தால் அவன் மன்னிப்பான். ஹக்குல் இபாத், அதாவது அடியானுக்குரிய கடன், அந்த அடியான் மன்னித்தால்தான் தீரும். அடியான் எந்த மதத்தவன் என்ற கேள்வி அதில் இல்லை.

உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில், ஹிஜ்ரி 18-இல் பெரும் பஞ்சம் வந்தது. பூமி காய்ந்து, காற்று சாம்பலைப் போல் புழுதியை வாரி இறைத்ததால் சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். நாயகத்தின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி உமர் மழைக்காக துஆச் செய்ததைப் புகாரியில் படிக்கிறோம். வஸீலா பற்றிய வாதத்தில் இதை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யைத் தொட மாட்டேன் என்று அவர் தம்மைக் கட்டிக்கொண்டதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பஞ்சத்தை உண்டாக்கியவர் அவர் அல்ல. ஆனால் பஞ்சத்தில் தம் தட்டுக்கு என்ன வருகிறது என்று பார்த்தார்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவினாசித் திட்டம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கோரிக்கை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீர் ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. நம் ஊர்க் குட்டைக்கும் குழாய் வந்தது. சில கிணறுகளில் கொஞ்சம் ஊற்றுக் கண்டது. அல்ஹம்து லில்லாஹ். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. உபரி என்பது மிஞ்சும் ஆண்டில் வருவது. காற்று வீசும் நாட்கள் இனிக் கூடுமே தவிரக் குறையாது என்றுதான் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

திண்ணைப் பேச்சுக்குப் பத்து நாள் கழித்து ஹஜ்ரத்தும் முத்தவல்லியும் நாமும் கவுண்டர் வீட்டுக்குப் போனோம். போகலாமா என்பதிலும் ஜமாஅத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், நாளைக்கு வழக்குப் போட்டால் என்ன செய்வது என்றார்கள். போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், மோர் வந்தது. சொல்ல வந்ததை முத்தவல்லி சொல்லத் தொடங்கி, பாதியில் தடுமாறி, ஹஜ்ரத் சொல்லி முடித்தார்.

கவுண்டர் சற்று நேரம் கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சாது விடுங்க பாய். நீங்க போடலீன்னா அந்த வருசம் நானே போட்டிருப்பனுங்க. பணம் தோதுப்படலே, அவ்வளவுதான். அப்பப் பள்ளிவாசல் போர் நின்னிருக்கும், நீங்க எங்கூட்டு வாசலுக்கு வந்திருப்பீங்களா?"

இது மன்னிப்பா, வேறா என்று திரும்பி வரும் வழியில் மூவரும் பேசிக்கொண்டோம். ஹஜ்ரத் மன்னிப்புத்தான் என்றார். நமக்கு இன்னும் அது விளங்கவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் ஒன்று கேட்டார். வேலியோரம் புதிதாகப் பதினொரு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறாராம். பள்ளியில் கைகால் கழுவுகிற தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குத்தானே போகிறது, அதை இந்தப் பக்கம் திருப்பி விட முடியுமா? அடுத்த வாரம் முந்நூறு அடி பைப் வாங்கிப் போட்டோம். குழாய்களை மாற்றி, ஒளுவுக்குக் கெண்டி வைத்தோம். இப்போது தண்ணீர் குறைவாகச் செலவாவதால் கடைசி மூன்று பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை என்று கவுண்டர் போன ஜும்ஆ அன்று சொல்லி அனுப்பினார். அதற்கு ஜமாஅத்தில் இன்னும் பதில் முடிவாகவில்லை.